மறைத்த உறவு தெரியவந்தால்... சட்டம் என்ன கேட்கும்?

டோபி காட் எம்ஆர்டி நிலையத்திலிருந்து நடந்தே போகலாம், கேனிங் ரைஸுக்கு. அங்கே திருமணப் பதிவகத்தில் கையெழுத்திட்டு வாழ்க்கையைத் தொடங்கிய தம்பதிகள் ஏராளம். 20, 30 ஆண்டு கழித்து, துணைக்கு வேறொருவருடன் உறவு இருப்பது தெரியவந்தால்? சட்டம் சொல்வதைப் பார்ப்போம்.

போலீசில் புகார் கொடுக்கலாமா?

முடியாது. சிங்கப்பூரில் அது குற்றமல்ல. இந்தியாவிலும் அதைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 497ஐ, 2018 செப்டம்பர் 27ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

விவாகரத்துக்கு அது காரணமாகுமா?

ஆகும். மாதர் சாசனத்தின்படி, திருமணம் மீட்க முடியாத அளவுக்கு முறிந்துவிட்டதாகக் காட்டவேண்டும். அதற்கான வழிகளில் ஒன்று கள்ள உறவு. ஆனால் ஆதாரம் வேண்டும். வலுவான ஆதாரம் இல்லாதவர்கள், துணையின் நடத்தை சகிக்க முடியாதது என்ற அடிப்படையில் மனு செய்வதுண்டு.

தெரிஞ்ச பிறகும் சேர்ந்து வாழ்ந்தா?

இங்கேதான் கவனம் தேவை. விஷயம் தெரிந்தபின் மொத்தம் 6 மாதத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்தால், அந்த உறவைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்க முடியாது. சமரசத்துக்கு முயன்று பார்க்க அந்த 6 மாதம் இடம் தருகிறது. ‘பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டும்’ என்று காத்திருப்போர் இதை மனத்தில் கொள்ளவேண்டும். அதற்காக எல்லாக் கதவும் மூடிவிடாது. வேறு வழிகள் உண்டு.

எல்லாவற்றையும் நீதிமன்றத்தில் சொல்லணுமா?

2024 ஜூலை 1ஆம் தேதி முதல் அவசியமில்லை. இருவரும் சம்மதித்தால், யார்மீதும் பழி போடாமல் விவாகரத்து கோரலாம். ஆனால் மூன்று விஷயங்களைச் சொல்லவேண்டும்:

• திருமணம் முறிந்துவிட்டது என்ற முடிவுக்கு வந்த காரணங்கள்
• சேர்ந்து வாழ எடுத்த முயற்சிகள்
• பணம், பிள்ளைகள் பற்றிய ஏற்பாடுகள்

மீண்டும் சேர நியாயமான வாய்ப்பு இருப்பதாகக் கருதினால், நீதிமன்றம் அந்தச் சம்மதத்தை ஏற்காது. முஸ்லிம் திருமணங்களுக்கு இந்த விதிகள் பொருந்தாது. அவை ஷரியா நீதிமன்றத்தின்கீழ் வரும்.

தப்பு செஞ்சவங்களுக்கு வீட்டில் பங்கு குறையுமா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பொதுவாகக் குறையாது. இருவரும் குடும்பத்துக்கு அளித்த பங்கையே நீதிமன்றம் முக்கியமாகப் பார்க்கும். சம்பாதித்த பணம் மட்டுமல்ல, வீட்டைக் கவனித்து, பிள்ளைகளை வளர்த்ததும் அதில் சேரும். நடத்தை மிக மோசமானது, மறுக்க முடியாதது என்றால்தான் கணக்கில் வரும்.

நெருக்கம் குறைந்துபோனால்?

ஆசையைச் சட்டத்தால் வரவழைக்க முடியாது. கட்டாயப்படுத்துவதை அது தடுக்கும். 2020 ஜனவரி 1ஆம் தேதி முதல், சம்மதமின்றி மனைவியுடன் உறவு கொள்ளும் கணவர்மீது பாலியல் வல்லுறவுக் குற்றம் சுமத்தலாம். எத்தனை ஆண்டு வாழ்ந்திருந்தாலும், திருமணச் சான்றிதழ் சம்மதம் ஆகாது.

யாரிடம் பேசுவது?

நீதிமன்றம் போகுமுன் பேச இடமுண்டு. வட்டாரக் குடும்பச் சேவை நிலையங்கள் ஆலோசனை வழங்குகின்றன. லிட்டில் இந்தியா அருகே பீட்டி சாலையிலுள்ள சிண்டாவையும் நாடலாம். சேர்ந்து வாழ்வதா, பிரிவதா என்று முடிவு செய்யாதவர்களும் போகலாம்.