மூஞ்சூறு மேல ஒரு ஓசிப் பயணி!

பிள்ளையாருக்கு வாகனம் மூஞ்சூறு. இது எல்.கே.ஜி. பாப்பாவுக்கும் தெரியும். அந்த மூஞ்சூறையே வாகனமாக்கி, அதோட காதுக்குள்ள ஒரு கூட்டம் டிக்கெட் எடுக்காம உக்காந்துட்டு வருது... அது தெரியுமா பாஸ்? கால் மில்லிமீட்டர்கூட இல்லாத அந்தத் துக்கடாப் பூச்சி கடித்தால், நல்லா இருந்த ஆளும் ஐ.சி.யூ.வில் போய்ப் படுக்க வேண்டி வரலாம்!

காய்ச்சலின் பெயர் ஸ்க்ரப் டைபஸ். பேப்பரில் 'உண்ணிக் காய்ச்சல்' என்று வரும். 'அதெல்லாம் மலைக்காட்டு வியாதிங்க, பனியன் ஊருக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?' என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். சம்பந்தம் இருக்கு!

காடு எதுக்கு? காலி சைட் போதும்!

'ஸ்க்ரப்' என்றால் புதர். பெரிய காடெல்லாம் தேவையில்லை. இடுப்பளவு புல், கொஞ்சம் ஈரம், ஓடித் திரிய நாலு எலி... மேட்டர் முடிஞ்சது. திருப்பூரைச் சுற்றி ஒரு ரவுண்டு வாங்க. நொய்யல் கரையில் சீமைக்கருவேலம், லைன் வீடுகளுக்குப் பின்னால் குப்பையும் புல்லும், விலை ஏறட்டும் என்று போட்டு வைத்திருக்கும் காலி சைட்டுகள். பல்லடம், காங்கேயம் பக்கம் போனால் வேலியோரம் முழுக்கப் புதர்தான். எலி, பெருச்சாளி, வெள்ளெலி, மூஞ்சூறு எல்லாருக்கும் ஃப்ரீ லாட்ஜிங்! (பார்க்க எலி மாதிரி இருந்தாலும் மூஞ்சூறு எலி இனமே இல்லை. பூச்சி தின்னும் தனி வகை.)

இந்தப் பிராணிகள் மேல் தொற்றிக்கொள்வது, 'மைட்' என்ற நுண்பூச்சியின் குஞ்சு. பெயர் சிக்கர். ஆறு கால். புல் நுனியில் ஏறிக் காத்திருக்கும். எலி உரசிக்கொண்டு போனால் தொற்றி ஏறி, காது மடலில் செட்டில் ஆகிவிடும். எலிக்குப் பதில் நம்ம கால் உரசினால்? நம்ம மேல ஏறிடும். அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த சிக்கர் ரத்தம் குடிப்பதில்லை. எச்சிலால் தோல் செல்களைக் கரைத்து, அந்தச் சாறை உறிஞ்சுகிறது. அந்த எச்சிலோடு 'ஓரியன்ஷியா சுசுகாமுஷி' என்ற பாக்டீரியாவும் உள்ளே இறங்கலாம். பெயரின் பின்பாதி ஜப்பான் பாஷை. 'சுசுகா' என்றால் நோய் அல்லது தீங்கு, 'முஷி' என்றால் பூச்சி.

இங்கே ஒரு டவுட் வரணுமே? சிக்கர் தன் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் பிராணி மேல் ஏறிச் சாப்பிடும். அப்புறம் மண்ணில் விழுந்து வளர்ந்து, சின்னப் பூச்சிகளின் முட்டைகளைத் தின்று வாழும். அப்படின்னா எலியிடம் கிருமியை வாங்கி, மனுஷனுக்கு எப்படிக் கொடுக்கும்? கொடுக்கவே வேண்டாம்! அம்மா மைட்டிடமிருந்து முட்டை வழியாகவே கிருமி குஞ்சுக்கு வந்துவிடுகிறது. பரம்பரைச் சொத்து! எலியும் மூஞ்சூறும் முக்கியமாகச் செய்வது, இந்தக் கூட்டத்துக்குச் சாப்பாடு போட்டு, ஒரு புதரிலிருந்து இன்னொரு புதருக்கு லிஃப்ட் கொடுப்பதுதான்.

உண்ணி வேற, இது வேற!

மாட்டு மேலயும் நாய் மேலயும் உப்பிப்போய் ஒட்டிக்கொண்டிருக்குமே, அதுதான் நிஜமான உண்ணி. சிக்கருக்குச் சொந்தக்காரன், ஆனா ஆள் வேற. நிஜ உண்ணிக்கும் தனி வியாதி உண்டு. 'இந்திய உண்ணி டைபஸ்' என்று ஒன்று, உள்ளங்கை, உள்ளங்கால் வரை சிவப்புத் தடிப்பு வரும்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1970களில் கனெக்டிகட் மாநிலத்தின் லைம் என்ற ஊரில், குழந்தைகளுக்குக் கூட்டமாக மூட்டுவலி வந்தது. தேடிப் போனால் உண்ணி வழியாகப் பரவும் பாக்டீரியா. அந்தக் கிருமியைத் தங்கவைத்திருந்த முக்கியமான வீட்டுக்காரர்? வெள்ளைக்கால் எலி! ஊர் பெயரே வியாதிக்கும் நிலைத்துவிட்டது. லைம் நோய்.

சிகரெட் சூடு மாதிரி...

சிக்கர் கடித்தால் பெரும்பாலும் வலியே தெரியாது. ஒரு வாரம், பத்து நாள் கழித்து திடீரென்று காய்ச்சல் தூக்கும். தலைவலி மண்டையைப் பிளக்கும். உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி இருக்கும். டெங்கு, டைபாய்டு, சாதா வைரல்... எல்லாத்துக்கும் இதே சிம்ப்டம்தானே? கரெக்ட். அங்கேதான் கோட்டை விடுகிறோம்.

இந்த வியாதி ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சூடு வைத்த மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு. பெரும்பாலும் வலி இருக்காது, அரிக்காது. அதனால் நமக்கும் தெரியாது. எங்கே தேடுவது? துணி இறுக்கிப் பிடிக்கிற இடம், தோல் மடிகிற இடம். ஜட்டி எலாஸ்டிக் பதிகிற இடுப்பு, தொடை இடுக்கு, அக்குள், மார்புக்குக் கீழே, வயிறு. ஊருக்கெல்லாம் எலாஸ்டிக் தைத்து அனுப்புகிற ஊர்க்காரர்கள், நம்ம எலாஸ்டிக்குக் கீழே ஒரு தடவை எட்டிப் பார்ப்பதில் தப்பில்லை! கூச்சப்பட்டு டாக்டரிடம் காட்டாமல் மறைப்பதுதான் தப்பு. பொருக்கு எல்லோருக்கும் வராது என்பதையும் மறக்காதீர்கள். இல்லை என்பதாலேயே தப்பித்தோம் என்று அர்த்தமில்லை.

'டெங்கு நெகட்டிவ்'னா ட்ரீட்டா?

திருப்பூரில் காய்ச்சல் வந்தால் என்ன செய்வோம்? மெடிக்கல் ஷாப்பில் ரெண்டு மாத்திரை. நைட் ஒன்றரை ஷிஃப்ட்டை விட மனசு வராது. காலேஜும் போய்க்கொண்டு பார்ட் டைமா பனியன் கம்பெனிக்கும் போகிற பசங்களுக்கு, ஒரு நாள் லீவு என்றால் அந்த வாரச் சம்பளத்தில் துண்டு விழும். நாலாம் நாள் ரத்த டெஸ்ட். 'டெங்கு இல்லப்பா' என்றதும், அப்பாடா என்று வீட்டுக்கு.

அந்த 'அப்பாடா'தான் ஆபத்து. இந்தக் கிருமி நம் செல்லுக்கு உள்ளே புகுந்து ஒளிந்துகொள்கிற ரகம். சாதாரணமாகக் கொடுக்கிற பென்சிலின் வகை மருந்துகள், செஃபலோஸ்போரின் ஊசிகள் இதனிடம் வேலைக்கு ஆகாது. ரெண்டாவது வாரத்தில் நுரையீரல், கிட்னி, மூளை என்று ஒவ்வொன்றாகக் கை வைக்கும். ஆனால் டாக்ஸிசைக்ளின் அல்லது அஸித்ரோமைசின் ஆரம்பத்திலேயே கொடுத்தால், பெரும்பாலும் ரெண்டு மூணு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். ரொம்பப் பழைய, ரொம்பச் சாதாரண மாத்திரை! அதற்காக நாமே வாங்கி முழுங்கக் கூடாது. டாக்டர் எழுதணும்.

வேலூர் போட்ட கணக்கு

இந்தக் காய்ச்சலை விரட்டி விரட்டி ஆராய்ச்சி செய்வதில், உலகமே திரும்பிப் பார்க்கிற இடம் நம்ம வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை. 2005 முதல் 2010 வரை அங்கே சேர்ந்த 623 ஸ்க்ரப் டைபஸ் நோயாளிகளில் 9 சதவீதம் பேர் இறந்துபோனார்கள். 2023ல், சி.எம்.சி. தலைமையில் இந்திய மருத்துவமனைகள் சேர்ந்து, நோய் முற்றிய கிட்டத்தட்ட 800 பேரிடம் நடத்திய ஆய்வு வெளியானது. டாக்ஸி, அஸித்ரோ ரெண்டையும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்லது என்று அது காட்டியது. 2025ல் இன்னொரு ஆய்வு. தமிழகத்தின் 37 கிராமங்கள், சுமார் 32,000 பேர். வருஷத்துக்கு 10 சதவீதம் பேர் வரை இந்தக் கிருமி தொற்றுகிறது என்றது ரிசல்ட். பலருக்குக் காய்ச்சலே வராமல் போய்விடும். வருகிற சிலருக்குத்தான் வினை.

என்.எஸ்.எஸ். கேம்ப் போறீங்களா?

சீசன் மழைக்குப் பிறகு ஆரம்பித்து, பனிக்காலம் வரை. ஏழு நாள் கேம்ப், புதர் வெட்டுவது எல்லாம் வருகிற நேரமும் அதுதான். கேம்ப் போங்க, வேலை பாருங்க. ஆனா...

* முழுக்கை சட்டை, ஷூ, பேன்ட்டை சாக்ஸுக்குள் செருகிக்கோங்க. ஸ்டைல் ஒரு வாரம் லீவு!

* புல் மேல நேரடியா உக்காராதீங்க, படுக்காதீங்க. விரிப்பு போடுங்க.

* துவைத்த துணியைப் புதர் மேலயோ புல் மேலயோ காயப்போடாதீங்க. கொடி கட்டுங்க.

* திரும்பி வந்ததும் சோப்பு போட்டுத் தேய்த்துக் குளித்து, போட்டிருந்த துணியையும் உடனே துவைத்துவிடுங்க.

* ஹாஸ்டல், லைன் வீட்டைச் சுற்றி புல்லையும் குப்பையையும் ஒழித்தால் எலியும் போகும், சிக்கரும் போகும்.

அப்படியும் காய்ச்சல் வந்து ரெண்டு மூணு நாளில் இறங்கலையா? ஷிஃப்ட்டை மறந்துவிட்டு, கதவைச் சாத்தி, கண்ணாடி முன்னால் ரெண்டு நிமிஷம் உடம்பைப் பாருங்க. பொருக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் நேராக டாக்டரிடம் போய், 'புதர்ப் பக்கம் போயிருந்தேனுங்க, ஸ்க்ரப் டைபஸா இருக்குமா?' என்று வாய்விட்டுக் கேளுங்க. அந்த ஒரு கேள்விக்கு ஒரு உயிரின் விலை!