காவிரிக் கரையில் கல்லான கடல்

சென்ற கோடை விடுமுறையில் கோபிநத்தத்தில் உறவினர் இல்லத்தில் நான்கு நாள் தங்கும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. மாதேசுவரன் மலைக் காடுகளின் ஓரத்தில், காவிரிக்கு அண்மையில், கர்நாடக எல்லைக்குள் அமைந்த சிற்றூர் அது. முன்னர் மைசூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1997இல் சாமராசநகர் மாவட்டம் தனியே பிரிந்தபோது அதனுடன் சென்றது. வீடுகளில் வழங்கும் மொழி தமிழ். அலுவலகங்களில் வழங்கும் மொழி கன்னடம். அவ்வூரின் பெயரை வேறு காரணம் பற்றிச் செய்தித்தாள்களில் படித்திருப்போர் பலர். இங்கே நாம் பேசப் புகுவது அவ்வூரின் கல்லைப் பற்றி.

மூன்றாம் நாள் காலை, பத்து வயதுடைய வீட்டுச் சிறுவன் ஓடைப் பக்கத்திலிருந்து ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க ஓடிவந்தான். தட்டையான சாம்பல் நிறக் கல். அதன் முகத்தில் மை கொண்டு வரைந்தாற்போல், காம்பும் கிளையும் நுண்ணிய இலைகளுமாக, ஒரு சிறு செடியின் வடிவம்.

"மாமா, இது கல்லான இலைதானே? எங்கள் பாடப் புத்தகத்தில் இப்படித்தான் படம் போட்டிருக்கிறது" என்றான்.

பள்ளி திறந்ததும் ஆசிரியரிடம் காட்டுவதென்று முடிவே செய்துவிட்டான். அதை இலையென்று சொல்லியிருந்தால் அவனுக்கு மகிழ்ச்சி, ஆனால் பொய். பாறையின் வெடிப்புகளுக்குள் கசியும் நீர், தன்னிடம் கரைந்துள்ள மாங்கனீசு முதலிய தாதுக்களை விட்டுச் செல்லும்போது, அவை கிளை கிளையாகப் படர்ந்து இத்தகைய உருவங்களை ஆக்கும். உயிருக்கும் அதற்கும் தொடர்பில்லை. பெரியவர்களும் ஏமாறும் வடிவம் அது என்று சொல்லிப் பார்த்தேன். அவன் முகம் வாடியது வாடியதுதான்.

சற்று நேரம் கழித்து மீண்டும் வந்தான். "அப்படியானால் நம் ஊரில் கல்லான இலையே கிடைக்காதா மாமா?"

அக்கேள்விக்கு ஒரு சொல்லில் விடை கூறலாம்: கிடைக்காது. ஏன் கிடைக்காது என்பதற்குச் சற்றே விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஓர் உயிர் இறந்தபின் அதன் உடல் எங்கே போகிறது? நாயும் நரியும் தின்னும், எறும்பு தின்னும், எஞ்சியதை நுண்ணுயிர்கள் அழிக்கும், எலும்பும் வெயிலில் வெளிறி மழையில் உதிர்ந்து மண்ணாகும். இதுவே இயல்பு. ஆயிரமாயிரம் உயிர்களில் ஒன்று இந்த இயல்பான அழிவிலிருந்து தப்ப வேண்டுமாயின், அது விரைவில் புதைபட வேண்டும். காற்றும் புழுவும் எளிதில் புகாத சேற்றுக்குள் அமிழ வேண்டும். ஆகவேதான் மலையில் இறந்தது மறைகிறது. ஏரியிலும் கழிமுகத்திலும் கடலடியிலும் இறந்தது சில வேளை நிலைக்கிறது.

கோபிநத்தத்தாருக்கு இதனை விளக்க மேட்டூர் நீர்த்தேக்கத்தைக் காட்டினாலே போதும். 1934இல் அணை கட்டி முடிந்தபோது பல ஊர்கள் நீருக்குள் சென்றன. கோடையில் நீர்மட்டம் மிகவும் தாழ்ந்தால், பண்ணவாடிப் பக்கத்தில் பழைய நந்தியும் மாதா கோயிலின் கோபுரங்களும் தலைகாட்டுகின்றன. மக்கள் திரண்டு சென்று பார்க்கிறார்கள். ஆண்டுதோறும் காவிரி கொணரும் வண்டல் அந்த நீர்த்தேக்கத்தின் அடியில் படிந்துகொண்டே இருக்கிறது. அவ்வண்டலில் ஒரு மீன் புதைகிறது என்று கொள்வோம். அதன்மேல் அடுத்த ஆண்டின் வண்டல், அதன்மேல் அதற்கடுத்த ஆண்டினது. மேலே சுமை ஏற ஏறக் கீழேயுள்ள சேறு இறுகிக் கல்லாகும். அதனூடே ஊறும் நீரில் சுண்ணமும் மணற்சத்தும் கரைந்திருக்கும். எலும்பின் நுண்ணிய துளைகளில் அச்சத்துகள் புகுந்து உறையும். சில வேளை எலும்பும் ஓடும் கரைந்து மறைய, அவை இருந்த வெற்றிடம் மட்டும் அச்சுப்போல் நிற்கும். பின்னர் வேறு தாது அவ்வச்சை நிரப்பி, வார்ப்படம் போன்ற உருவைத் தரும். உடலே வேண்டுமென்பதும் இல்லை. நண்டு துளைத்த வளையும், ஊர்ந்து சென்ற புழுவின் தடமும்கூடக் கல்லாவதுண்டு.

இனி கோபிநத்தத்தின் கல்லுக்கு வருவோம். வரிவரியாகப் பட்டையிட்ட, உளி பட்டால் தீப்பொறி பறக்கும் அந்தப் பாறை வண்டலாகப் படிந்து அப்படியே இறுகியதன்று. பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து, பிசைந்த மாவைப் போல மடிந்து உருவானது. அதன் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டும் அதற்கு மேலும் ஆகும். அக்காலத்தில் இலையும் இல்லை, சங்கும் இல்லை, மீனும் இல்லை. கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள் மட்டுமே இருந்தன. அவற்றின் சுவடு ஏதேனும் இருந்திருந்தாலும் அந்த உலைக்களத்தில் எஞ்சியிருக்க வழியில்லை.

இதைக் கேட்ட சிறுவன், "அப்படியென்றால் கல்லான இலையைப் பார்க்க எங்கே போகவேண்டும்?" என்றான். ஒகேனக்கல்லைத் தாண்டி, மேட்டூரைத் தாண்டி, திருச்சி வரை இந்த ஆற்றோடே போகவேண்டும் என்றேன். எங்கள் சொந்த ஊர் இலால்குடிப் பக்கம். அடுத்த மாதமே ஊருக்குப் போகவேண்டியிருந்ததால் அவனையும் உடன் அழைத்துச் சென்றோம்.

திருச்சிக்கு வடக்கே பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளில் பதினொரு கோடி ஆண்டுகளுக்கு முன்னர் கடல் புகுந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகள் ஏறியும் இறங்கியும் நின்று, ஆறு கோடி ஆண்டளவில் பின்வாங்கியது. அக்கடலின் அடியில் படிந்த சேறும் மணலும் சுண்ணமுமே இன்று அங்கே வயற்புறத்துப் பாறைகளாகக் கிடக்கின்றன. பழமையிலிருந்து புதுமைக்கு அப்படிவுகளை வரிசைப்படுத்தி, ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர், நின்னியூர் என்று நம் ஊர்ப் பெயர்களையே அவற்றுக்குச் சூட்டினர் அறிஞர். உலகெங்கும் நிலவியல் மாணவர் படிக்கும் நூல்களில் நம் சிற்றூர்களின் பெயர்கள் இவ்வாறு இடம் பெற்றுள்ளன என்பது அவ்வூர்க்காரர் பலருக்கே தெரியாது.

காரை என்னும் ஊரின் அருகே நிலம் மழையால் அரிக்கப்பட்டுக் குன்றும் பள்ளமுமாகக் கிடக்கிறது, புல்லும் அரிது. களிமண்ணில் ஜிப்சம் தகடுகள் வெயிலில் கண்ணாடிபோல் மின்னுகின்றன. அங்கே சிறுவன் திருச்சிச் சுருட்டின் துண்டு போன்ற ஒரு கல்லைக் கண்டெடுத்தான். அது பெலம்னைட்டு, கணவாய் மீனை ஒத்த ஒரு பிராணியின் உடலுக்குள் இருந்த தாங்கி. நத்தைபோற் சுருண்ட அம்மோனைட்டும் இப்படிவுகளில் கிடைக்கிறது. அதனுள் வாழ்ந்தது நத்தையன்று. அதுவும் கணவாய்க்கு உறவான பிராணியே. வைணவ இல்லங்களில் பூசையில் வைக்கும் சாளக்கிராமங்கள் பல, நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைக்கும் அம்மோனைட்டுப் பதிவுகளே. இமயமலை நின்றவிடத்தில் முன்னர்க் கடல் இருந்தது என்பதற்கு அவை சான்று. சக்கரத்தைக் கண்டு வணங்கிய கண்ணும் கடலைக் கண்டு வியந்த கண்ணும் ஒரே கல்லைத்தான் பார்த்தன.

சுருட்டுக் கல்லைச் சட்டைப் பையில் இட்டுக்கொள்ளச் சிறுவன் துடித்தான். நான் தடுத்தேன். எந்த அடுக்கில் கிடந்தது என்னும் குறிப்பு இல்லாத கல், ஊர் பேர் இல்லாமல் வந்த கடிதம் போன்றது என்று சொன்னேன். மனமில்லாமல் இருந்த இடத்திலேயே வைத்தான்.

அறிவியல் உலகுக்கு இக்கற்கள் எட்டிய வரலாறும் சுவையானது. 1840ஆம் ஆண்டு வாக்கில், சென்னையில் அரசுப் பணியிலிருந்த கேய், கன்லிஃப் என்னும் இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பகுதிகளில் திரட்டிய சிப்பிகளை இலண்டனுக்கு அனுப்பினர். எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்பார் அவற்றை ஆராய்ந்து 1846இல் வெளியிட்டார். பின்னர் எச். எஃப். பிளான்ஃபோர்டு இப்பகுதியை அளந்து, 1862இல் தம் அறிக்கையை வெளியிட்டார். அவருக்குப் பின் மொராவிய நாட்டவரான ஃபெர்டினண்டு ஸ்டோலிச்கா, கல்கத்தாவில் அமர்ந்து, பல்லாண்டு உழைத்து, தென்னிந்தியக் கடல்வாழ் உயிர்களைப் பற்றிப் பெருநூல்கள் எழுதினார். 1874இல், இமயத்துக்கு அப்பால் சென்ற பயணமொன்றிலிருந்து திரும்புகையில், லடாக்கில் அவர் உயிர் நீத்தார்.

அவர்கள் கண்டது யாது? திருச்சிச் சிப்பிகளுக்கு நெருங்கிய சுற்றம் நருமதைப் பள்ளத்தாக்கில் இல்லை. தொலைவிலுள்ள மடகாஸ்கரிலும் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலும் இருந்தது! அண்டை வீட்டாரோடு உறவின்றிக் கடல் கடந்தவரோடு கொண்ட இச்சொந்தம் அறிஞர்களைத் திகைக்க வைத்தது. இந்தியாவும் மடகாஸ்கரும் ஆப்பிரிக்காவும் ஒரு காலத்தில் ஒன்றாயிருந்து பிரிந்த நிலங்கள் என்பது இன்று உறுதிப்பட்ட உண்மை. ஏறத்தாழ ஒன்பது கோடி ஆண்டுகளுக்கு முன்னர் மடகாஸ்கரை விட்டுப் பிரிந்து, நம் நிலம் வடக்கு நோக்கி நகர்ந்தது. ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு, நாம் விட்டுவந்த நிலமே ஒரு குடிபெயர்ந்த நிலம் என்னும் செய்தி சிறிது ஆறுதலாகவும் இருக்கலாம்.

நின்னியூர் அடுக்குகளுக்கு வந்தால் அம்மோனைட்டுகள் இல்லை. கீழடுக்குகளில் பல்கிக் கிடந்த இனம் அடியோடு மறைந்துவிட்டது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் உலகெங்கும் நிகழ்ந்த பேரழிவு, டைனோசர்களையும் இவற்றையும் ஒருங்கே கொண்டு போயிற்று.

டைனோசர் என்றதும் சிறுவனுக்குக் காது நிமிர்ந்தது. அரியலூர்ப் பகுதியில் கல்லமேடு என்னுமிடத்தில் கிடைத்த பேரெலும்புகளை இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி ஆகிய இருவர் 1980களின் இறுதியில் விவரித்து, 'பிருகத்காயோசாரஸ்' என்று பெயரிட்டனர். பேருடல் பல்லி என்பது பொருள். கணைக்கால் எலும்பு மட்டுமே இரண்டு மீட்டர் நீளம் என்பது அவர்கள் கணக்கு. அது உண்மையாயின், நிலத்தில் நடந்த உயிர்களில் மிகப் பெரியவற்றுள் அது ஒன்று. சிலர் அஃது எலும்பன்று, கல்லான மரம் என்றும் ஐயுற்றனர். ஐயத்தைத் தீர்க்க எலும்பைப் பார்த்தால் போதுமல்லவா? பார்க்க இயலாது. எளிதில் உதிரும் தன்மையுடைய அவ்வெலும்புகள் பொடிந்து போயின. எஞ்சியவை அச்சிட்ட கட்டுரையும் கோட்டோவியங்களும் சில பழைய புகைப்படங்களுமே. ஏறத்தாழ ஏழு கோடி ஆண்டு மண்ணுக்குள் நிலைத்தது, வெளியே வந்து ஒரு தலைமுறைக்குள் அழிந்தது.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று அன்றாடம் நிகழ்கிறது. சிப்பிகள் கோடி கோடியாகச் செறிந்த சுண்ணாம்புக்கல்லே சிமெண்டின் மூலப்பொருள். அரியலூரைச் சுற்றிச் சிமெண்டு ஆலைகள் பல. 1953இல் பெயர் மாற்றப் போராட்டத்தால் தமிழ்நாடெங்கும் அறியப்பட்ட கல்லக்குடியின் ஆலைக்கும் அப்பழங்கடலின் பவளச் சுண்ணாம்புக்கல்லே இரை. அங்கே சுரங்கமொன்றில் பதினைந்து ஆண்டாக வேலை செய்யும் எம் உறவினர் ஒருவரைக் கண்டோம். "நத்தைக் கல்லா? நாளெல்லாம் வரும் தம்பி. யார் எண்ணுவார்? எல்லாம் அரவைக்குத்தான் போகும்" என்றார்.

அவரைக் குறை கூற நமக்கு வாயில்லை. அவர் வீட்டு அடுப்பு அதனால் எரிகிறது. நாம் வாழும் வீடுகளும் அத்தகைய சிமெண்டால் எழுந்தவையே. அஃதன்றி, சுரங்கம் வெட்டியிராவிட்டால் அந்த அடுக்குகள் நம் கண்ணுக்குப் புலப்பட்டே இரா. ஆனால் ஒன்று செய்யலாம், அவரிடமும் சொன்னேன். வழக்கத்துக்கு மாறான எலும்போ, பல்லோ, பெரிய சுருளோ கண்ணில் பட்டால், எந்திரத்தில் இடுமுன் இடத்தைக் குறித்துப் படமெடுத்து, வாரணவாசியில் உள்ள தொல்லுயிர் அருங்காட்சியகத்துக்குத் தெரிவிக்கலாம். கைப்பேசி இல்லாத தொழிலாளி இன்று யார்? நம் வாசகர் இல்லங்களிலும் அப்பக்கத்துச் சுற்றத்தார் இருப்பர். அவர்களுக்கு இதை எழுதுக.

தவறாக அடையாளம் கண்டாலும் கேடில்லை. 2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் பெரிய உருண்டைக் கற்கள் வெளிப்பட்டபோது, டைனோசர் முட்டை என்று ஊரே கூடியது. வல்லுநர் வந்து, முட்டையன்று, அம்மோனைட்டுப் படிவுகளோடு உருண்டு திரண்ட கற்கள் என்றனர். ஊரார் ஏமாந்தனர், கற்கள் தப்பின.

திரும்பும் நாளில் சாத்தனூருக்குச் சென்றோம். 1940இல் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த கல்மரம் அங்கே வேலிக்குள் காக்கப்படுகிறது. பிற்காலத்தில் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் தலைமைப் பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் அவர். மரத்தின் நீளம் 18 மீட்டருக்கு மேல். ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்னர் ஆற்று வெள்ளத்தில் மிதந்து வந்து, கடலில் ஆழ்ந்து, சேற்றில் புதைந்து, மணற்சத்து ஊறிக் கல்லானது. சிறுவன் வேலியோரமாக அதன் அடி முதல் நுனி வரை அடியளந்து நடந்தான். பின்னர்ப் பையைத் திறந்து, கோபிநத்தத்திலிருந்து எனக்குத் தெரியாமல் கொண்டுவந்திருந்த அந்தச் சாம்பல் நிறக் கல்லை எடுத்தான்.

"மாமா, இந்த மரம் பழையதா, என் கல் பழையதா?"

"மேலே படர்ந்த கோலம் எப்போது வந்ததோ, கல் உன்னுடையதுதான் பழையது. இருபத்தைந்து மடங்கு."

அவன் ஒன்றும் பேசவில்லை. கல்லைத் துணியில் சுற்றி மீண்டும் பைக்குள் வைத்துக்கொண்டான்.