துணி தேடி – 11: உள்பக்கம் திருப்பிப் பார்

நம் ஊரில் சன்னிதித் தெரு என்கிறோமே, அதைத்தான் ஜப்பானியர் ஓமோதேசாண்டோ என்கிறார்கள். கோயிலின் முன்வாசலுக்குப் போகும் வழி என்று பொருள். 1920-இல் டோக்கியோவில் மெய்ஜி ஆலயம் எழுந்தபோது அதற்கு நேர் எதிரே போட்ட அகலமான சாலை. இருபுறமும் கெயாகி மரங்கள் கிளை விரித்துக் கூரை போட்டிருக்கின்றன. மரங்களுக்குப் பின்னால் உலகத்தின் பெரிய ஆடை நிறுவனங்கள் எல்லாம் வரிசையாகக் கடை விரித்திருக்கின்றன. தடாவோ ஆண்டோ, டோயோ இடோ, ஜுன் அவோகி என்று பெயர்பெற்ற கட்டடக் கலைஞர்கள் ஆளுக்கொரு கடையைக் கட்டித் தந்திருக்கிறார்கள். நடந்து பார்க்க நிச்சயம் நல்ல தெரு.

ஆனால் அங்கே வாங்கக் கிடைக்கிற ஐரோப்பியக் கைப்பை சிங்கப்பூரிலும் கிடைக்கும், பாங்காக்கிலும் கிடைக்கும். டோக்கியோவில் மட்டுமே பார்க்கக்கூடியது வேண்டுமென்றால், ஓமோதேசாண்டோ மெட்ரோ ஸ்டேஷனின் ஏ5 வாசல் வழியாக ஏறி அவோயாமா பக்கம் போக வேண்டும். நெசு அருங்காட்சியகத்தில் போய் முடிகிற மியுகி தெருவையும் அதன் சந்துகளையும் சுற்றித்தான் ஜப்பானிய ஆடைக்கலையை உலகத்துக்குக் காட்டிய மூவரின் கடைகள் இருக்கின்றன: ரெய் கவாகுபோ, யோஜி யமமோட்டோ, இஸ்ஸே மியாகே.

இந்தப் பயணத்தில் என்னோடு வந்தவள் என் அக்கா. முப்பது வருடமாக வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு ரவிக்கை தைக்கிறவள். எந்தக் கடைக்குள் போனாலும் அவள் கை முதலில் செய்கிற வேலை ஒன்றுதான்: துணியை உள்பக்கம் திருப்புவது. வெளிப்பக்கம் ஊருக்கு, உள்பக்கம்தான் தைத்தவனுக்கு என்பாள். பக்கத் தையலில் எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள், ஓரத்துக்கு ஓவர்லாக்கா பட்டியா, கை கூடும் இடத்தில் சுருக்கம் விழுந்திருக்கிறதா என்று விரலாலேயே படித்துவிடுவாள். முந்தைய ஒரு பயணத்தில், வேறொரு நகரத்துக் கடையில், அவள் இப்படித் திருப்பியபோது ஊழியர் ஒருவர் சட்டையைக் கையிலிருந்து வாங்கி மறுபடி மாட்டிவிட்டார். அக்கா ஒன்றும் சொல்லாமல் வெளியே வந்தாள். அன்று முழுக்க அவள் எந்தத் துணியையும் தொடவில்லை. அது எனக்கு இன்னும் வலிக்கிறது.

அதனால் அவோயாமாவில் முதல் கடைக்குள் நுழையும்போது எனக்குத்தான் பதற்றம். அக்கா ஒரு கறுப்புக் கோட்டை எடுத்து, வழக்கம்போல உள்ளே திருப்பினாள். பணிப்பெண் அருகே வந்தார். தடுக்கவில்லை. லைனிங்கை இன்னும் கொஞ்சம் விலக்கி, உள்ளே தோள்பகுதி எப்படிக் கூடுகிறது என்று காட்டினார். இருவருக்கும் பொதுவான மொழி கிடையாது. அக்கா விரலால் தையலைத் தொட்டுத் தலையசைத்தாள். அந்தப் பெண்ணும் தலையசைத்தார்.

மூவரில் முதலில் கவாகுபோ. காம் தே கார்சோன் என்பது அவர் தன் ஆடைகளுக்கு 1969-இல் வைத்த பெயர். 1973-இல் அது நிறுவனமானது. இரண்டு வருடம் கழித்து டோக்கியோவில் கடை திறந்தபோது அவர் அதில் கண்ணாடியே வைக்கவில்லை. உடுத்திய பெண்ணுக்கு உடை உடம்பில் எப்படி இருக்கிறது என்பதுதான் முக்கியம், பார்வைக்கு எப்படி இருக்கிறது என்பது இல்லை என்று நினைத்தவர். தையல் பள்ளிப் பக்கமே போகாதவர் அவர். 1981-இல் பாரிஸில் முதல்முறையாகத் தன் ஆடைகளைக் காட்டினார். மறுவருடம் அவர் காட்டிய கறுப்பு ஸ்வெட்டரில் பெரிய பெரிய ஓட்டைகள். கிழிந்த உடை என்று பத்திரிகைகள் எழுதின. உண்மையில் அந்த ஓட்டைகளுக்காகப் பின்னல் இயந்திரத்தின் திருகுகளைத் தளர்த்தி வைத்திருந்தார்கள். எல்லா இயந்திரமும் பிசிறில்லாத ஒரே மாதிரித் துணியைத் தள்ளிக்கொண்டிருந்த காலத்தில், கை தவறியது போன்ற ஒரு துணியை இயந்திரத்திடமிருந்தே கேட்டு வாங்கினார் அவர். அது அவருக்கு லேஸ் பின்னலின் இன்னொரு வடிவம்.

அந்தக் கறுப்பு உடைகளுக்கு மேலைநாட்டு விமர்சகர்கள் சிலர் வைத்த பட்டப்பெயர் ‘ஹிரோஷிமா பாணி’. ஒரு நகரத்தின் சாம்பலை எடுத்துக் கேலிப்பெயராக்கிய அந்தச் சொல்லைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. மூன்றாமவரான மியாகேயின் கதை தெரிந்தவர்களுக்கு அந்தக் கோபம் இன்னும் கூடும். அதற்குப் பிறகு வருகிறேன்.

யமமோட்டோவின் கதையைக் கேட்டு அக்கா அங்கேயே ஒரு திண்டில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா போருக்குப் போய்த் திரும்பவில்லை. அம்மா டோக்கியோவின் கபுகிச்சோ பகுதியில் பெண்களுக்கு உடை தைக்கும் கடை நடத்தி மகனை வளர்த்தார், கெய்யோ பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்க வைத்தார். படிப்பு முடிந்ததும் மகன் வந்து, வக்கீல் வேலை வேண்டாம், உன் கடையிலேயே இருக்கிறேன் என்றான். அம்மாவுக்கு ஆத்திரம். பிறகு, தைப்பதானால் முறையாகக் கற்றுக்கொண்டு வா என்று புன்கா ஆடைக் கல்லூரிக்கு அனுப்பினார். கவாகுபோ பாரிஸ் போன அதே 1981-இல் யமமோட்டோவும் போனார். அவருடைய உடைகள் உடம்பை இறுக்குவதில்லை. உடம்புக்கும் துணிக்கும் நடுவே காற்று போய்வர இடம் விட்டு வெட்டுகிறார்.

“தைக்கிற அம்மாவுக்குப் பக்கத்துல உக்காந்து வளந்த பையன்டி. துணி எங்க பிடிக்கும்னு அவனுக்குத் தெரியும்” என்றாள் அக்கா.

கடை முறைகளைப் பற்றிக் கொஞ்சம். பெரும்பாலான கடைகள் காலை 11 மணிக்குத்தான் திறக்கின்றன. உடை மாற்றும் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏற வேண்டும். தலைவழியாகப் போடும் உடை என்றால் மெல்லிய பை ஒன்றைத் தருவார்கள், முகத்துப் பவுடரும் உதட்டுச் சாயமும் துணியில் படாமலிருக்க அதைத் தலையில் மாட்டிக்கொண்டு போட்டுப் பார்க்க வேண்டும். பணத்தைக் கையில் கொடுப்பதில்லை, சிறு தட்டில் வைக்க வேண்டும். விற்பனை வரி 10 சதவீதம். பாஸ்போர்ட்டைக் காட்டினால் 5,000 யென்னுக்கோ அதற்கு மேலோ வாங்கியதற்கு அதைக் கழித்துக்கொண்டிருந்தார்கள். 2026 நவம்பரிலிருந்து முதலில் வரியோடு கட்டிவிட்டு, நாடு திரும்பும்போது வாங்கிக்கொள்ளும்படி முறையை மாற்ற முடிவாகியிருக்கிறது. வாங்கிய பையைக் கல்லாவில் தரமாட்டார்கள். வாசல்வரை அவர்களே எடுத்து வந்து, கொடுத்து, குனிந்து வணங்குவார்கள். மழை பெய்தால் காகிதப் பைக்கு மேலே பிளாஸ்டிக் உறை ஒன்றைப் போட்டுத் தருவார்கள்.

இனி மியாகே. 1938-இல் ஹிரோஷிமாவில் பிறந்தவர். குண்டு விழுந்த அன்று ஏழு வயது. கதிர்வீச்சின் விளைவால் மூன்று வருடத்துக்குள் தாயை இழந்தார். அணுகுண்டிலிருந்து தப்பிய டிசைனர் என்ற முத்திரை விழுந்துவிடக் கூடாது என்று பல பத்தாண்டுகள் அதைப் பற்றிப் பேசாமலே இருந்தார். 2009-இல்தான் ஓர் அமெரிக்க நாளிதழில் எழுதினார். அழிக்கப்படுவதை அல்ல, உருவாக்கக்கூடியதைப் பற்றியே நினைக்க விரும்பியதால் ஆடைத்தொழிலுக்கு வந்ததாக அதில் சொல்லியிருந்தார். 2022 ஆகஸ்ட் 5 அன்று காலமானார்.

அவருடைய ‘பிளீட்ஸ் பிளீஸ்’ ஆடைகளை அக்கா கையில் எடுத்ததும் அப்படியே நின்றாள். உடை முழுக்கக் கீற்றுக் கீற்றாக மெல்லிய மடிப்புகள். இழுத்தால் விரிகிறது, விட்டால் தன் இடத்துக்கே போய்விடுகிறது.

“கொசுவம் வச்சுட்டுத் தச்சாங்களா, தச்சுட்டுக் கொசுவம் வச்சாங்களா?” என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்குள்தான் மியாகேயின் கண்டுபிடிப்பு இருக்கிறது. காலங்காலமாகத் துணியை முதலில் மடித்துவிட்டுத்தான் வெட்டித் தைப்பார்கள். அவர் தலைகீழாக்கினார். வேண்டிய அளவைப்போல இரண்டரை முதல் மூன்று மடங்கு பெரிதாக உடையை வெட்டித் தைத்து முடித்துவிடுகிறார்கள். ராட்சத அளவுள்ள அந்தச் சட்டையை இரண்டு காகிதங்களுக்கு நடுவே வைத்து, சூடான அழுத்த இயந்திரத்துக்குள் விடுகிறார்கள். மடிப்போடு, சரியான அளவில் வெளியே வருகிறது. பருத்தியில் போட்ட மடிப்பு ஒரு சலவையில் போய்விடும். பாலியஸ்டர் இழை சூட்டில் இளகி, ஆறும்போது இருக்கிற வடிவத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். அதனால் வாஷிங் மெஷினில் போடலாம், இஸ்திரி வேண்டாம், பாய்போலச் சுருட்டிப் பெட்டியில் வைக்கலாம். 1991-இல் ஃபிராங்க்பர்ட் பாலே குழுவின் நடனக் கலைஞர்களுக்கு இந்த மடிப்பு உடைகளைத் தந்தார். ஆடுகிற உடம்பு அவற்றை ஏற்றுக்கொண்டது. 1993-இல் இது தனிப் பெயரில் கடைக்கு வந்தது.

அவர் வாழ்நாளெல்லாம் திரும்பத் திரும்ப யோசித்தது ‘ஒரு துண்டுத் துணி’ பற்றி. ஒரே துணி, ஒரு உடம்பு, இரண்டுக்கும் நடுவே உள்ள இடம். 1998-இல் டாய் ஃபுஜிவாராவோடு சேர்ந்து, இயந்திரம் ஒரே குழாயாகப் பின்னித் தள்ளும் துணிக்குள்ளேயே சட்டையும் கையும் அடங்கியிருக்கும்படி செய்தார். வாங்குகிறவர் துணியில் உள்ள கோடுகளின் மேல் கத்தரி வைத்து வெட்டிக்கொள்ள வேண்டியதுதான், ஓரம் பிரியாது. வெட்டாத ஆறு கஜத்தை உடுத்திக்கொண்டு வாழ்கிற நமக்கு அந்த யோசனை அந்நியமாகத் தோன்றாது. அவர் இந்தியத் துணியை அறிந்தவர், மதித்தவர். 1980-களில் அகமதாபாத்தின் ஆஷா சாராபாயோடு சேர்ந்து வேலை செய்தார். மியாகேயுடன் நெடுங்காலம் துணி வடிவமைத்த மகிகோ மினாகாவா 2000-இல் தொடங்கிய ‘ஹாட்’ ஆடைகளில் இந்தியக் கைவேலை கலந்திருக்கிறது. நம் சந்தையைக் குறிக்கும் சொல்தான் அந்தப் பெயர்.

புதுச் சட்டை ஒன்றின் விலை இருபதாயிரம் யென்னுக்கு மேல். அக்கா விலைச்சீட்டைப் பார்த்துவிட்டுப் பக்குவமாகத் திரும்ப மாட்டினாள். மாலையில் ஹராஜுகு பக்கம் ராக்டேக் கடைக்கு அழைத்துப் போனேன். டிசைனர் உடைகளைப் பழசாக வாங்கி விற்கும் இடம். டோக்கியோ போகிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது இதைத்தான்: பழசு என்று முகம் சுளிக்காதீர்கள். ஒவ்வொரு துணியின் நிலையையும் தரம் பிரித்துச் சீட்டில் எழுதியிருக்கிறார்கள், சின்னக் கறை இருந்தால்கூட மறைப்பதில்லை. அங்கே கருநீலத்தில் ஒரு மடிப்புச் சட்டை, புது விலையில் பாதிக்கும் கீழே கிடைத்தது.

ஓட்டல் அறையில் அக்கா அதைப் போட்டுப் பார்க்கவில்லை. கட்டிலில் விரித்து, உள்பக்கம் திருப்பி, விளக்கடியில் குனிந்தாள். பக்கத் தையலும் துணியோடு சேர்ந்தே மடிந்திருந்தது. நூலும் மடிந்திருந்தது. கைப்பையிலிருந்து இன்ச் டேப்பை எடுத்தாள். மடிந்து கிடக்கையில் மார்பளவில் குறுக்காகப் பதினைந்து அங்குலம். ஒரு முனையை என்னைப் பிடிக்கச் சொல்லி, மறுமுனையை இழுத்துக்கொண்டே பின்னால் போனாள். நாற்பது.

“கெட்டியாப் பிடிடி” என்றாள். மெல்ல விட்டபோது அது தன் பதினைந்துக்கே திரும்பி வந்து படுத்தது. இன்னொரு தடவை இழுத்தோம். பிறகு அளவுநோட்டை எடுத்து, வாடிக்கையாளர் பெயர் எழுதுகிற இடத்தில் ‘டோக்கியோ’ என்று எழுதி, கீழே இரண்டு எண்களையும் குறித்துக்கொண்டாள்.

விடிந்ததும் ஒகயாமாவுக்கு ரயில். அங்கிருந்து, ஜீன்ஸ் துணிக்குப் பேர்போன கோஜிமா. டேப்பைப் பெட்டிக்குள் வைக்காமல் கைப்பையிலேயே வைத்துக்கொண்டாள்.

(தொடரும்)