5 நொடியில் ராகத்தைச் சொல்வது எப்படி? செல்போன் செயலி தோற்கும் இடத்தில் காது ஜெயிப்பது ஏன்? முழு விளக்கம்

கோயில் திருவிழா. சாமி இன்னும் தெருமுனைக்குக்கூட வரவில்லை. வீட்டுக்குள் இருக்கும் பாட்டி, "மல்லாரி கேக்குது, சாமி புறப்பட்டாச்சு" என்கிறார். அரியலூர் மாவட்டம் தா.பழூர் போன்ற கொள்ளிடக்கரை ஊர்களில் இது ரொம்ப சாதாரணமான விஷயம். பாட்டி சங்கீதம் படித்தவர் இல்லை. காற்றில் வந்த சில நொடி நாதஸ்வரம் அவருக்குப் போதும்.

அதே சத்தத்தைச் செல்போனில் உள்ள பாட்டு கண்டுபிடிக்கும் செயலியிடம் காட்டினால், பெரும்பாலும் 'முடிவு இல்லை' என்றுதான் வரும். பாட்டிக்குத் தெரிந்தது போனுக்கு ஏன் தெரியவில்லை? சின்ன ஆடியோ துணுக்கை வைத்து ராகத்தைக் கண்டுபிடிப்பவர்கள் என்னதான் செய்கிறார்கள்? பார்ப்போம்.

செயலி எப்படி வேலை செய்கிறது?

ஷஜாம் 2002-ல் பிரிட்டனில் தொடங்கியது. அப்போது 2580 என்ற எண்ணுக்கு போன் செய்து, பாட்டு ஒலிக்கும் பக்கம் போனைக் காட்ட வேண்டும். பாட்டின் பெயர் எஸ்எம்எஸ்-ல் வரும். 2018-ல் ஆப்பிள் நிறுவனம் அதை வாங்கியது.

செயலி ஒலியில் எந்த நேரத்தில் எந்த அதிர்வெண் ஓங்கி நிற்கிறது என்று புள்ளிகளாகக் குறித்துக்கொள்கிறது. அது அந்தப் பதிவின் கைரேகை மாதிரி. சேமித்து வைத்துள்ள கைரேகைகளோடு ஒப்பிட்டு, பொருந்தினால் பெயரைச் சொல்லும்.

அதாவது, செயலி கண்டுபிடிப்பது பாட்டை அல்ல, ஒரு குறிப்பிட்ட பதிவை. கோயில் வாசலில் நாதஸ்வரக் கலைஞர் அந்த நேரத்தில் வாசிப்பது எந்தச் சேமிப்பிலும் இல்லை. அவரே நாளைக்கு வாசித்தாலும் இன்று வாசித்த மாதிரி அச்சு அசலாக இருக்காது. அதனால்தான் செயலி கைவிரிக்கிறது.

மனிதக் காதுக்கு எவ்வளவு நேரம் வேண்டும்?

நாம் நினைப்பதைவிடக் குறைவு. 1999-ல் ஷெல்லன்பெர்க் என்ற ஆய்வாளரும் அவரது குழுவும், 5 பிரபலமான பாடல்களில் இருந்து நொடியில் ஐந்தில் ஒரு பங்கு, பத்தில் ஒரு பங்கு அளவே உள்ள துணுக்குகளைப் போட்டுக் காட்டினார்கள். அந்த நேரத்தில் மெட்டு என்று எதுவும் உருவாகவே முடியாது. ஆனாலும் வெறும் யூகத்தைவிட அதிகமாகவே கேட்டவர்கள் சரியாகச் சொன்னார்கள். கைகொடுத்தது ஒலியின் நிறம். யார் குரல், என்ன வாத்தியம், எப்படிப்பட்ட பதிவு என்பதைக் காது சட்டென்று பிடித்துவிடுகிறது.

2022-ல் உலகம் முழுக்கப் பரவிய 'ஹியர்டில்' விளையாட்டும் இதே ரகம்தான். முதலில் 1 நொடி மட்டுமே பாட்டு ஒலித்தது.

ஆனால் ராகத்தைச் சொல்ல ஒலியின் நிறம் மட்டும் போதாது. ஒரே ராகத்தை நாதஸ்வரத்திலும் வாசிக்கலாம், கிடாரிலும் வாசிக்கலாம். அதற்கு வேறு இரண்டு படிகள் இருக்கின்றன.

முதல் படி: 'ச' எங்கே?

தம்புராவோ, நாதஸ்வரத்துக்கு ஒத்தோ விடாமல் ஒலிப்பது ஏன் தெரியுமா? 'ச' எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லத்தான். அது பிடிபடாவிட்டால் எல்லாமே மாறிவிடும்.

மோகனத்தை எடுத்துக்கொள்வோம். ச, ரி, க, ப, த என்று ஐந்தே ஸ்வரம். அதே ஐந்து ஒலிகளில் 'ரி'யை 'ச'வாக வைத்துக் கேட்டால் அது மத்யமாவதி. 'க'வை வைத்தால் ஹிந்தோளம். 'ப'வை வைத்தால் சுத்த சாவேரி. 'த'வை வைத்தால் சுத்த தன்யாசி. ஒலிகள் மாறவில்லை, ராகம் மட்டும் ஐந்தாகிவிட்டது. சுருதியை வெட்டிவிட்ட துணுக்கில் தேர்ந்தவர்களும் தடுமாறுவதற்கு இது ஒரு காரணம்.

இரண்டாவது படி: ஸ்வரம் எப்படி அசைகிறது?

'ச' கிடைத்துவிட்டது, ஸ்வரங்களும் தெரிந்துவிட்டன. அவ்வளவுதானே? இல்லை.

ஆரபி, தேவகாந்தாரி இரண்டுக்கும் ஆரோகணம், அவரோகணம் ஒன்றுதான். ஏறும்போது ச ரி ம ப த ச. இறங்கும்போது ச நி த ப ம க ரி ச. தாளில் எழுதினால் வித்தியாசமே தெரியாது. பாடிக் கேட்டால் உடனே தெரிந்துவிடும். ஆரபி துள்ளி ஓடும். தேவகாந்தாரி நின்று, நிதானமாக, நீண்ட அசைவுகளோடு வரும். இந்த அசைவுக்குப் பெயர்தான் கமகம். நம் ஊர்க்காரர் ஒருவரைத் தூரத்தில் நடையை வைத்தே அடையாளம் சொல்கிறோம் இல்லையா, அது மாதிரிதான் இதுவும்.

கம்ப்யூட்டரால் முடியாதா?

முயற்சி நடந்திருக்கிறது. ஸ்பெயினின் பார்சிலோனாவில் உள்ள பொம்பேவ் ஃபாப்ரா பல்கலைக்கழகம் நடத்திய 'காம்ப்மியூசிக்' ஆய்வுத் திட்டத்தில் சென்னை ஐஐடி ஆய்வாளர்களும் பங்கேற்றார்கள். அதில் 40 கர்நாடக ராகங்களுக்குத் தலா 12 என 480 பதிவுகளைச் சேர்த்துக் கம்ப்யூட்டருக்குப் பழக்கினார்கள். வெறும் ஸ்வரங்களை எண்ணுவதைவிட, திரும்பத் திரும்ப வரும் அசைவுகளைத் தேடச் சொன்னபோது அது ராகங்களை நன்றாகவே பிரித்தது. பாட்டி செய்வதும் அதைத்தான். ஆனால் பழக்குவதற்குப் பதிவு வேண்டும். பதிவே இல்லாத வாசிப்பைக் கம்ப்யூட்டருக்கு எதை வைத்துச் சொல்லிக்கொடுப்பது?

உடையார்பாளையத்தில் நடந்தது

தா.பழூர் இருப்பது உடையார்பாளையம் வட்டம். அந்த ஜமீனில் ஆஸ்தான வித்வானாக இருந்தவர் கனம் கிருஷ்ணையர். அவர் இயற்றிய 'வேலவரே' என்ற பைரவி ராகப் பதம் இன்றும் மேடைகளில் பாடப்படுகிறது. 1877-ல் எடிசன் ஃபோனோகிராஃபைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே அவர் மறைந்துவிட்டார். அவர் குரல் ஒரு நொடிகூடப் பதிவாகவில்லை.

பின்னே பாட்டு எப்படி நம்மிடம் வந்தது? கேட்டவர்கள் பாடினார்கள், அதைக் கேட்டவர்கள் மறுபடி பாடினார்கள். அவரிடம் பாட்டு கற்றவர்களில் ஒருவர் வேங்கடசுப்பையர். அவருடைய மகன்தான் தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையர். அவர் கனம் கிருஷ்ணையரைப் பற்றித் தனி நூலே எழுதினார். காதுகள் கைவிட்டிருந்தால் அந்தப் பாட்டும் போயிருக்கும்.

நீங்களும் பழகலாம்

* ஒரே நேரத்தில் மூன்று ராகம் போதும். ஒவ்வொன்றுக்கும் தெரிந்த சினிமா பாட்டு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். மோகனத்துக்கு 'நின்னுக்கோரி வர்ணம்', கல்யாணிக்கு 'ஜனனி ஜனனி'.

* ரீதிகௌளைக்கு இரண்டு பாட்டு கேளுங்கள். 1977-ல் வந்த 'சின்னக் கண்ணன் அழைக்கிறான்', 2008-ல் வந்த 'கண்கள் இரண்டால்'. இசையமைப்பாளர் வேறு, வேகம் வேறு. இரண்டிலும் எந்த இடம் ஒன்றுபோல வளைகிறது என்று கவனியுங்கள். அதுதான் ராகம்.

* துணுக்கைப் போடும் வேலையை வீட்டில் வேறு ஒருவரிடம் கொடுங்கள். பாட்டின் தொடக்கத்தைப் போட வேண்டாம், நடுவில் இருந்து போடச் சொல்லுங்கள்.

* பெயர் சொல்வதற்கு முன், 'ச'வை மெல்ல முணுமுணுத்துப் பாருங்கள்.

இன்னொன்றும் செய்யலாம். மல்லாரியிலேயே தேர் மல்லாரி, தீர்த்த மல்லாரி, தளிகை மல்லாரி என்று வகைகள் உண்டு. பெரும்பாலும் கம்பீர நாட்டை ராகத்தில் வாசிப்பார்கள். அடுத்த திருவிழாவில் உங்கள் ஊர் நாதஸ்வரக் கலைஞரின் அனுமதியோடு ஐந்து நிமிடம் பதிவு செய்யுங்கள். வாசித்தது என்ன ராகம், எந்த மல்லாரி என்று அவரிடமே கேட்டு, கோப்பின் பெயராக எழுதி வையுங்கள். போனுக்குத் தெரியாத அந்த வாசிப்பு, அடுத்து வரும் பிள்ளைகளின் காதுக்காவது பழகியிருக்கும்.