2147483647

2147483647 (இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு இலட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு) என்பது ஒரு பகா எண் ஆகும். இதன் மதிப்பு 2³¹ − 1. இரண்டின் அடுக்கு ஒன்றிலிருந்து 1ஐக் கழித்துப் பெறப்படும் பகா எண்கள் மெர்சென் பகா எண்கள் எனப்படும். அவ்வரிசையில் இது எட்டாவது. இரும எண் முறையில் இதனை எழுதினால் 31 ஒன்றுகள் மட்டுமே வரும்.

வரலாறு

பிரெஞ்சுத் துறவி மாரன் மெர்சென் 1644இல் வெளியிட்ட பட்டியலில் 31 என்னும் அடுக்கும் இடம்பெற்றிருந்தது. ஆனால் அப்பட்டியலில் பிழைகள் இருந்தன. 67, 257 ஆகிய அடுக்குகள் பகா எண்களைத் தருவதில்லை. 2³¹ − 1 பகா எண்ணே என்பதை 1772இல் உறுதி செய்தவர் லியோனார்டு ஆய்லர். அதற்கு முன் அறியப்பட்டிருந்த மிகப்பெரிய பகா எண் 6700417 ஆகும்.

ஆய்லரின் முறை

ஓர் எண் பகு எண் எனில், அதன் வர்க்கமூலத்தை விஞ்சாத பகாக் காரணி ஒன்றேனும் அதற்கு இருக்க வேண்டும். இவ்வெண்ணின் வர்க்கமூலம் ஏறத்தாழ 46341. அதற்குட்பட்ட 4792 பகா எண்களாலும் வகுத்துப் பார்ப்பது பெரும் உழைப்பு. ஆய்லர் இதனைச் சுருக்கினார்.

2³¹ − 1இன் எந்தப் பகாக் காரணியும் 31ஆல் வகுக்கும்போது மீதி 1 தர வேண்டும்; 8ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 7 தர வேண்டும். இவ்விரண்டையும் இணைத்தால், 248ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 தரும் எண்களை மட்டும் சோதித்தால் போதும். இவ்வகையில் எஞ்சுபவை 372 எண்களே. அவற்றுள்ளும் பகு எண்களை நீக்கிவிடலாம். எடுத்துக்காட்டாக, முதலில் சோதிக்க வேண்டிய பகா எண் 311. அதனால் வகுத்தால் மீதி 35 வருகிறது. எஞ்சியவற்றுள் எதுவும் மீதியின்றி வகுக்கவில்லை.

பிற பண்புகள்

- தன்னைத் தவிர்த்த வகுஎண்களின் கூட்டுத்தொகைக்குச் சமமான எண் செவ்விய எண் எனப்படும். 2³⁰ × (2³¹ − 1) = 2305843008139952128 எட்டாவது செவ்விய எண்ணாகும்.
- அடுக்கான 31உம் ஒரு மெர்சென் பகா எண்ணே (2⁵ − 1). எனவே இது ஓர் இரட்டை மெர்சென் பகா எண். இத்தகைய பகா எண்கள் நான்கு மட்டுமே அறியப்பட்டுள்ளன.

பயன்பாடு

மேற்கூறிய செவ்விய எண்ணை விடப் பெரியது எதுவும் கண்டுபிடிக்கப்படாது என 1811இல் பீட்டர் பார்லோ எழுதினார். இவை வெறும் ஆர்வத்துக்குரியவை, பயனற்றவை, ஆகவே எவரும் தேட முனையமாட்டார் என்பது அவர் கூறிய காரணம். இக்கூற்று இரு வகையிலும் பொய்த்தது. 1876இல் எடுவார்ட் லூக்கா 2¹²⁷ − 1 பகா எண் என நிறுவினார். அதிலிருந்து மேலும் பெரிய செவ்விய எண் கிடைத்தது. 1988இல் பார்க், மில்லர் ஆகியோர் பரிந்துரைத்த சமவாய்ப்பு எண் உருவாக்கி 2147483647 பகா எண்ணாக இருப்பதையே அடிப்படையாகக் கொண்டது.

32 பிட் குறியுள்ள முழு எண்ணின் உச்ச மதிப்பும் இதுவே. ஆனால் அதற்கும் இதன் பகாத்தன்மைக்கும் தொடர்பில்லை. 1970 சனவரி 1 முதல் நொடிகளை இவ்வளவில் எண்ணும் கணினிகளில் 2038 சனவரி 19 அன்று, ஒருங்கிணைந்த உலக நேரப்படி 03:14:07 மணியுடன் எண்ணிக்கை இவ்வெல்லையை எட்டிவிடும்.