பை தயார்... வீடு தயாரா?

உடல் பருமனுக்கான அறுவை சிகிச்சைக்குத் தேதி கிடைத்ததும் எல்லாரும் முதலில் கேட்பது, "ஆஸ்பத்திரிக்கு என்னென்ன எடுத்துக்கிட்டுப் போகணும்?" என்றுதான். இரண்டு மூன்று நாள் தங்கலுக்குச் சின்னப் பை போதும். அதைவிட முக்கியம், வீட்டாரையும் உறவினரையும் தயார்ப்படுத்துவது.

சிங்கப்பூர் இந்தியர்களுக்கு இது நம் வீட்டு விஷயம். 2010ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் இந்தியர்களில் 16.9 விழுக்காட்டினருக்கு உடல் பருமனும் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவும் இருந்தது தெரியவந்தது. உடல் எடைக் குறியீடு 37.5ஐ எட்டியவர்களுக்கும், நீரிழிவு போன்ற நோய்களுடன் 32.5ஐ எட்டியவர்களுக்கும் இங்கே இந்தச் சிகிச்சையைப் பரிசீலிக்கிறார்கள். சிராங்கூன் சாலைக்கு அருகிலுள்ள டான் டோக் செங் மருத்துவமனையிலும், சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை, கூ டெக் புவாட் போன்ற இடங்களிலும் இது நடக்கிறது. மருத்துவக் காரணத்துக்காகச் செய்யப்படும்போது மெடிசேவ் சேமிப்பையும் மெடிஷீல்டு லைஃப் காப்புறுதியையும் பயன்படுத்தலாம்.

இரண்டு வாரம் முன்பே

அறுவை சிகிச்சைக்குச் சுமார் இரண்டு வாரத்துக்கு முன்பே மிகக் குறைந்த கலோரி உணவுமுறை தொடங்கும். பெரும்பாலும் உணவுக்குப் பதிலாகக் குடிக்கும் ஊட்டச்சத்துப் பானங்கள்தான். கல்லீரலில் உள்ள கொழுப்பைக் குறைத்து அதைச் சுருங்க வைப்பதே நோக்கம். கல்லீரல் பெரிதாக இருந்தால் அதன் கீழே இருக்கும், அறுவை செய்யவேண்டிய இரைப்பையை மருத்துவர் எட்டுவது கடினம். அந்த நாள்களில் வீட்டில் பிரியாணி வேண்டாமே. தேக்காவுக்குச் சாப்பிடப் போகும் திட்டத்தையும் குடும்பமாகத் தள்ளிப்போடுங்கள்.

பைக்குள் என்ன?

அடையாள அட்டை, மருத்துவமனை அனுப்பிய கடிதம், காப்புறுதி ஆவணங்கள் ஆகியவற்றை ஒரே உறையில் வையுங்கள். அதோடு, சாப்பிடும் மருந்துகள் அனைத்தின் பட்டியலும் வேண்டும். நீரிழிவு மாத்திரைகளில் சிலவற்றை அறுவைக்குச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ரத்தத்தை இளக்கும் மருந்துகளுக்கும் தனி விதி உண்டு. ஊரிலிருந்து வந்த லேகியம், கடையில் வாங்கிய சூரணம், மூலிகை மாத்திரை எதையும் விட்டுவிடாமல் எழுதுங்கள். "இயற்கை மருந்துதானே" என்று நாம் சொல்லாமல் விடுவதில் சில, ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக்கூடியவை.

தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவதற்காகச் சீபேப் கருவி பயன்படுத்துபவர்கள் அதை முகமூடியோடு கொண்டுபோக வேண்டும். முன்பக்கம் பொத்தான் வைத்த தளர்வான உடை, வழுக்காத செருப்பு, உதட்டுக்குத் தடவும் களிம்பு, நீளமான சார்ஜர் வயர் இருந்தால் போதும். வீடு திரும்பும்போது டாக்சியில் வயிற்றோடு அணைத்துக்கொள்ள ஒரு சிறிய தலையணை உதவும்.

நகையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அறுவையின்போது மின்சாரத்தால் இயங்கும் கருவிகளைப் பயன்படுத்துவதால் உடலில் உலோகம் இருந்தால் தோலில் தீக்காயம் ஏற்படலாம். கைவிரல் வீங்கினால் மோதிரம் இறுகிவிடும். தாலி, மெட்டி, மூக்குத்தியைக் கழற்றுவது பலருக்கு மனக்கஷ்டம் தரும். கடைசி நிமிடத்தில், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி அழ வேண்டாம். முன்பரிசோதனைக்குப் போகும்போதே தாதியிடம் கேளுங்கள். வீட்டுப் பெரியவர்களிடமும் சொல்லிவிடுங்கள். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருக்கலாமா என்பதையும் அப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நகப்பூச்சையும் அழித்துவிடுங்கள். ரத்தத்தில் உள்ள பிராணவாயுவை அளக்கும் கருவியை விரல்நுனியில்தான் மாட்டுவார்கள்.

பிளாஸ்க் வேண்டாம்

படுத்திருப்பவரைப் பார்க்க நம்மவர்கள் வெறுங்கையோடு போவதில்லை. பிளாஸ்கில் ஹார்லிக்ஸ், தூக்கில் கஞ்சி, பையில் இட்லி. அன்புதான், ஆனால் இங்கே அது ஆபத்து. ஸ்லீவ் எனப்படும் சிகிச்சையில் இரைப்பையின் முக்கால் பாகத்துக்கு மேல் நீக்கிவிடுவார்கள். எஞ்சுவது வாழைப்பழ வடிவில் ஒரு குழாய். அதன் ஓரம் முழுவதும் நுண்ணிய உலோகத் தையல். அது ஆறுவதற்குள் உணவைத் திணித்தால் வாந்தி வரும், தையலுக்கும் சிரமம்.

அறுவைக்குப் பிறகு கட்டிலருகே இருப்பது மருந்து ஊற்றிக் கொடுக்கும் 30 மில்லி குவளை. அதிலுள்ள தண்ணீரை மடக்கு மடக்காக, இடைவெளி விட்டு, கால் மணி நேரம் போலக் குடிக்க வேண்டும். வீட்டில் ஒரே மூச்சில் ஒரு சொம்பு குடித்துப் பழகியவருக்கு இது பெரிய பயிற்சி. அடுத்த சில வாரங்களுக்குத் திரவம், பிறகு மசித்தது, பிறகு மென்மையானது என்று உணவு படிப்படியாக மாறும். தெளிந்த ரசம்கூட உணவியல் நிபுணர் தலையசைத்த பிறகுதான்.

எனவே மருத்துவமனைக்குக் கிளம்பும் முன்பே சமையலறையைத் தயார்செய்யுங்கள். மிக்ஸி, வடிகட்டி, சின்னக் கரண்டி, புரதப்பொடி, மருத்துவர் எழுதித் தந்த வைட்டமின்கள் எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். நாளொன்றுக்கு 60 கிராம் புரதமாவது தேவைப்படும். பருப்புத் தண்ணீர் அதற்குப் போதாது. சைவர்கள் இதை முன்கூட்டியே உணவியல் நிபுணரிடம் பேச வேண்டும். வைட்டமின்கள் ஆயுளுக்கும் தொடரும்.

மறைக்காதீர்கள்

"பித்தப்பைக் கல்" என்று சொல்லிவிட்டு இந்தச் சிகிச்சைக்குப் போகிறவர்கள் உண்டு. சோம்பேறி என்று பேசுவார்களோ என்ற பயம். உடல் பருமன் ஒரு நோய். அதற்குச் சிகிச்சை எடுப்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. மறைத்தால் அடுத்த விருந்தில் யாராவது தட்டில் பரோட்டாவை வைத்து வற்புறுத்துவார்கள். உண்மையை ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள். அவர் உங்களுக்காகப் பேசுவார்.

உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். அறுவையின்போது வயிற்றுக்குள் செலுத்திய வாயுவால் நோயாளிக்குத் தோள்பட்டை வலிக்கும். அது குறையவும், காலில் ரத்தம் கட்டாமல் இருக்கவும் அவர் எழுந்து நடந்தாக வேண்டும். பார்க்கப் போகும்போது வெறுங்கையோடு போங்கள். அவர் கையைப் பிடித்து வார்டில் நான்கு சுற்று நடங்கள். அந்த நாளில் அவருக்கு உங்களிடமிருந்து தேவைப்படுவது அதுதான்.