பாசிக்குள்ளே விரால்: இரையும் எடையும்

(வானொலியில் ஒலிபரப்பான உரை)



அறுவடை முடிந்து களத்து வேலையும் ஓய்ந்த பிறகு, தூண்டிலை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் போகிறவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. போன வேகத்தில் வெறுங்கையோடு திரும்புகிறவர்களும் உண்டு. கேட்டால், "எங்கேங்க போடறது? ஏரி பூரா பாசி. போட்டா பாசிதான் வருது, மீன் எங்கே வருது?" என்பார்கள். தெளிந்த தண்ணீராகத் தேடிக் கரையோரம் கால் வலிக்க நடப்பார்கள். ஆனால் நல்ல விலை போகிற விரால், அவர்கள் வேண்டாம் என்று விட்டுவந்த பாசிக்குள்தான் படுத்துக் கிடக்கும்.

ஏன் அப்படி? விரால் மற்ற மீன்களைப் போலத் தண்ணீரில் கரைந்த காற்றை மட்டும் நம்பி இருப்பதில்லை. அவ்வப்போது மேலே வந்து நேராகக் காற்றை விழுங்கிவிட்டுப் போகும். பாசி அடர்ந்த இடத்தில் விடியற்காலை நேரம் தண்ணீரில் காற்று குறைந்துபோகும். கெண்டை வகைகள் திணறுகிற அந்த இடத்தில் விரால் சௌகரியமாக இருக்கும். இன்னொன்று, அது ஓடித் துரத்தித் தின்கிற மீன் அல்ல. ஒளிந்திருந்து பாய்கிற மீன். தவளை, சின்ன மீன், பூச்சி எது தலைக்கு மேலே போனாலும் ஒரே பாய்ச்சல். அது ஒளிந்துகொள்ளப் பாசியை விட நல்ல இடம் எது? கரையில் ஓசை இல்லாமல் கால் மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். "களக்" என்று ஒரு சத்தம் கேட்கும், பாசி லேசாக அசையும். அங்கே ஆள் இருக்கிறது என்று அர்த்தம்.

சரி, அங்கே தூண்டிலை எப்படி இறக்குவது? இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். பெரிய மீன் என்றால் பெரிய ஈயம், சின்ன மீன் என்றால் சின்ன ஈயம் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். கடைக்காரரும் அப்படியே கொடுத்துவிடுகிறார். அந்தக் கணக்கு பாசியில் எடுபடாது. எடையை மீனைப் பார்த்து அல்ல, பாசியைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். கூடுதல் எடை போட்டால் தூண்டில் பாசிக்கு அடியில் போய்ச் சிக்கும், இழுத்தால் நரம்பு அறும். அறுந்த நரம்பும் முள்ளும் ஏரியிலேயே கிடக்கும். கோடையில் ஏரி வற்றும்போது நம்ம ஆடும் மாடும்தானே அங்கே மேயப் போகின்றன? குளம்பில் முள் ஏறிய எருமையையும், நரம்பு சுற்றிக் கால் வீங்கிய கொக்கையும் பார்த்தவர்களுக்கு இது விளையாட்டு இல்லை என்று தெரியும்.

முதலில், பாசி மேல்மட்டம் வரை வந்து படர்ந்திருக்கிற இடத்தை எடுத்துக்கொள்வோம். வேலம்பாசி முற்றித் தண்ணீர் மட்டத்தில் பாய் விரித்த மாதிரி கிடக்கும். அல்லி இலை பரவியிருக்கும் இடமும் இதே மாதிரிதான். இங்கே ஈயமே கூடாது. இரை மேலேயே ஊர்ந்து வர வேண்டும். நம்ம பெரியவர்கள் நீளமான மூங்கில் கழியில் உயிர்த் தவளையைக் கோர்த்து, ஈயம் கட்டாமல், பாசி மேல் தத்தித் தத்திப் போகவிட்டுப் பிடித்தது இதனால்தான். முறை சரியான முறை. தவளையைத்தான் விட்டுவிட வேண்டும் என்கிறேன். வயலில் பூச்சியைத் தின்று நமக்குக் கூலி இல்லாமல் வேலை செய்கிற ஜீவன் அது. தவளைக் கால் ஏற்றுமதிக்காக லட்சக்கணக்கில் பிடித்துத் தீர்த்து, கடைசியில் 1987-ல் மத்திய அரசு அந்த ஏற்றுமதியையே தடை செய்ய வேண்டி வந்தது. ஒரு விராலுக்காக வயல் தவளையை முள்ளில் குத்துவது நமக்கே நஷ்டம்.

அதற்குப் பதிலாக ரப்பர் தவளை கடைகளில் கிடைக்கிறது. அமெரிக்காவில் பாஸ் என்று ஒரு மீன், அதுவும் பாசிக்குள் ஒளிந்து பாய்கிற ஜாதி. அதைப் பிடிப்பதற்காகப் பெயர் பெற்ற இரை இது. இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். அங்கே புளோரிடா மாநிலத்து ஏரிகளில் பாஸ் மீனுக்கு மறைவிடமாக இருப்பது நம்ம வேலம்பாசியேதான். ஹைட்ரில்லா என்று புத்தகத்தில் எழுதுவது இதைத்தான். 1950-களில் மீன் தொட்டி வியாபாரத்துக்காக இலங்கையிலிருந்து கொண்டுபோனது, தப்பி ஏரிகளில் பரவி அவர்களுக்குத் தலைவலியாகிவிட்டது. ஆகவே அங்கே பழகிய வித்தை நம்ம ஏரிக்கும் பொருந்துவதில் ஆச்சரியம் இல்லை.

ரப்பர் தவளையின் உடம்பு உள்ளே காலியாக இருக்கும். இரண்டு முள்ளும் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி நிற்கும். பாசியில் இழுத்தால் சிக்காது. மீன் வாயில் கவ்வினால் உடம்பு நசுங்கும், அப்போதுதான் முள் வெளியே வரும். வாங்கும்போது விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் வாங்க வேண்டாம், விரால் கவ்வினாலும் முள் ஏறாது. எடை 10 முதல் 15 கிராமுக்குள் இருந்தால் போதும். தராசு இல்லையே என்றால், 10 ரூபாய் நாணயம் ஒன்று ஏறக்குறைய 7.7 கிராம். இரண்டு நாணயத்தை ஒரு கையிலும் தவளையை மறு கையிலும் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பாசி ரொம்பத் தடிப்பாக இருந்தால், லேசான தவளை மேலே போவதே கீழே இருக்கிற மீனுக்குத் தெரியாது. அப்போது கொஞ்சம் எடை ஏற்றலாம். சைக்கிள் பின் சக்கரத்தில் இருக்கிற கால் அங்குல பால்ரஸ் குண்டு ஒன்று சுமார் 1 கிராம். இரண்டு மூன்று குண்டுகளை முள் வருகிற ஓட்டை வழியாக உள்ளே தள்ளிவிடுங்கள். தவளை பாசியை அழுத்திக்கொண்டு வரும், உள்ளே கலகலவென்று சத்தமும் போடும். அதற்கு மேல் போட்டால் வால் பக்கம் தண்ணீரில் அமிழ்ந்துவிடும். நாலைந்து வீச்சுக்கு ஒரு தடவை உள்ளே புகுந்த தண்ணீரைப் பிழிந்துவிட மறக்க வேண்டாம்.

கடைத் தவளைக்குக் காசு இல்லையென்றால், தேய்ந்துபோன ரப்பர் செருப்பிலிருந்து கட்டைவிரல் அளவு வெட்டி எடுங்கள். அது மிதக்கும். சாக்குப் பிரியை இரண்டு காலாகக் கட்டி, ஒற்றை முள்ளை முனை மேலே பார்க்க வையுங்கள். சைக்கிள் பிரேக் கம்பியைப் பிரித்தால் வருகிற ஒற்றை இழையை முள் முனைக்கு முன்னால் வளைத்துக் கட்டிவிட்டால், பாசி முள்ளில் ஏறாது. பார்க்க அழகாக இருக்காதுதான். விரால் அழகா பார்க்கிறது?

இழுக்கிற விதம் முக்கியம். ஒரு சாண் இழுத்து நிறுத்துங்கள். பாசியில் சின்ன இடைவெளி, அதாவது குழி மாதிரி தண்ணீர் தெரிகிற இடம் வந்தால் அங்கே இன்னும் கொஞ்ச நேரம் நிற்கட்டும். விரால் பாயும்போது பாசியே வெடித்த மாதிரி இருக்கும். நமக்குக் கை தானாகத் துள்ளும். அந்த நேரம் இழுத்துவிட்டால் வெறும் தவளைதான் வரும். "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணி, நரம்பு விறைத்த பிறகு பலமாக இழுக்க வேண்டும். முதல் பாய்ச்சல் தவறினாலும் தவளையை அங்கேயே விட்டு வையுங்கள், பெரும்பாலும் திரும்ப வரும்.

இனி பாசி மேலே வராமல் தண்ணீருக்குள்ளேயே நிற்கிற இடம். மேலே ஒரு முழம் தெளிவு, கீழே வேலம்பாசி. சம்பும் கோரையும் நிற்கிற கரையோரத்தையும் இதிலேயே சேர்த்துக்கொள்ளலாம். இங்கே எடை வேண்டும், ஆனால் அளவை விட அதன் உருவம்தான் பெரிது. உருண்டை ஈயம் தண்டில் மாட்டும். தோட்டா மாதிரி முனை கூரான எடைதான் தண்டுகளுக்கு நடுவே நழுவி இறங்கும். நரம்பை அதன் துளையில் கோர்த்து, கீழே முள்ளைக் கட்டி, ரப்பர் புழுவை மாட்டி, முள் முனையைப் புழுவின் தோலுக்குள்ளேயே புதைத்துவிட வேண்டும்.

அடுத்தது, எடை நரம்பில் தாராளமாக ஓடக் கூடாது. ஓடினால் எடை மட்டும் அடிக்குப் போய்விடும், புழு பாசி மேலேயே தொங்கும். எடையைப் புழுவின் தலையோடு ஒட்ட வைத்து, துளையில் விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றைச் செருகி உடைத்துவிடுங்கள். அசையாமல் நிற்கும். காசு செலவில்லாத வேலை, ஆனால் இதைச் செய்தவனுக்கும் செய்யாதவனுக்கும் பிடிக்கிற மீனில் வித்தியாசம் தெரியும்.

எத்தனை கிராம்? 5 கிராமில் ஆரம்பியுங்கள். இறக்கியதும் நரம்பைக் கவனியுங்கள். பாதியில் தொய்ந்துவிட்டால் இரை பாசி மேல் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம், அடுத்த எடைக்குப் போங்கள். தயங்கி, பிறகு நழுவி இறங்கினால் அதுதான் சரியான எடை. ஒவ்வொரு தடவையும் முள்ளோடு கைப்பிடி பாசி வந்தால் எடை கூடுதல். நம்ம ஏரிகளில் 10 கிராமைத் தாண்ட வேண்டிய இடம் குறைவு.

ஆகாயத்தாமரை மூடிய இடம் தனி ரகம். இலை நிமிர்ந்து நிற்பதால் தவளை ஊராது. அமெரிக்காவில் இப்படிப்பட்ட மூட்டத்தைத் துளைத்து இறக்க 28 முதல் 42 கிராம் வரை எடை கட்டுகிறார்கள். நமக்கு அது வேண்டாம். நீளமான மூங்கில் கழி இருக்கிறதே, நேரே மேலேயிருந்து இடைவெளி பார்த்து இறக்கினால் 10 கிராமே போதும். நரம்பு மட்டும் தடிப்பாக, கூடுமானால் பின்னல் நூலாக இருக்கட்டும். அது பாசித் தண்டை அறுத்துக்கொண்டு வரும். மீனுக்கு விட்டுக்கொடுத்து விளையாட இது இடமில்லை. தலையைத் திருப்ப விடாமல் உடனே வெளியே எடுத்துவிட வேண்டும்.

இந்த இடத்தில் ஈயத்தைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சிலர் ஈயக் குண்டைப் பல்லால் கடித்து நரம்பில் இறுக்குகிறார்கள். இன்னும் சிலர் பழைய பேட்டரியை உடைத்து, ஈயத்தை வீட்டு அடுப்பில் உருக்கி வார்க்கிறார்கள். இரண்டும் கூடவே கூடாது. ஈயம் நஞ்சு. அந்தப் புகையும் தூசியும் சின்னக் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும், சமையல் பாத்திரத்தில் ஒட்டிக்கொண்டால் சோற்றோடு போகும். இங்கிலாந்தில் தூண்டில் ஈயத்தைத் தின்று அன்னப்பறவைகள் செத்ததால், 1987-லேயே சிறிய ஈய எடைகளின் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள். நமக்கு இரும்பு நட்டு இருக்கிறது. 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கான நட்டு ஒன்று சுமார் 5 கிராம். இரும்பு ஈயத்தை விட லேசு, அதனால் அதே எடைக்குக் கொஞ்சம் பருமனாக இருக்கும், முனையும் கூராக இருக்காது. ஆகவே கழியால் நேரே இறக்குகிற இடத்தில் நட்டைக் கட்டுங்கள். நழுவி இறங்க வேண்டிய இடத்துக்கு இரும்பில் செய்த தோட்டா எடை கடையில் கிடைத்தால் வாங்கிக்கொள்ளலாம்.

மழை பெய்து ஏரிக்குப் புதுத் தண்ணீர் வந்ததும் விரால் முட்டையிடும். அப்போது பாசி நடுவே செக்கச்செவேலென்று குஞ்சுக் கூட்டம் ஒன்று குமுகுமுவென்று மேலே வந்து போவதைப் பார்க்கலாம். அதற்கு அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அங்கே எதைப் போட்டாலும் பாயும், பசியால் அல்ல, குஞ்சைக் காக்க. சுலபமாகக் கிடைக்கிறதே என்று அதைப் பிடித்துவிட்டால், மற்ற மீன்கள் அரை நாளில் அந்தக் கூட்டத்தைத் தின்று தீர்த்துவிடும். ஒரு மீனுக்கு ஆசைப்பட்டு நூற்றுக்கணக்கான மீனை விடுகிற வியாபாரம் இது. குஞ்சு நிறம் மாறிக் கலைந்து போகிற வரை, சில வாரங்கள், அந்தப் பக்கம் தூண்டில் போடாதீர்கள்.

ஏரி மீன் குத்தகைக்கு விடப்பட்டிருந்தால் குத்தகைதாரரிடம் கேட்டுக்கொண்டு இறங்குங்கள். இறங்குங்கள் என்றால் கரையில்தான். சிக்கிய தூண்டிலை எடுக்கப் பாசிக்குள் நீந்தப் போக வேண்டாம், காலைச் சுற்றிக்கொள்ளும். நீளக் கழியில் ஒரு கொக்கி கட்டி வைத்துக்கொண்டால் கரையிலிருந்தே எடுத்துவிடலாம்.

பிடித்த விராலைக் கொன்று எடுத்துப் போக வேண்டியதில்லை. பானையில் நாலு விரல் உயரம் தண்ணீர் விட்டுப் போட்டால் சந்தை வரைக்கும் உயிரோடு இருக்கும், உயிர் மீனுக்குத்தான் விலை. பானையின் வாயை மட்டும் ஈரச் சாக்கால் இறுக்கிக் கட்டிவிடுங்கள். காற்றும் போக வேண்டும், மீனும் துள்ளி வெளியே போய்விடக் கூடாது.